கண்ணாடிக்குள் ஒரு தறி

சென்ற வாரம் கைப்பேசியின் மின்கலத்தைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் அதன் முகமாகிய திரைக்கு வருகிறோம்.

சூலூரில் திருச்சி சாலையை ஒட்டிய ஒரு பழுதுபார்க்கும் கடையில், போன மாதம் ஒரு மாலைப் பொழுது முழுவதும் உட்கார்ந்திருந்தேன். விசைத்தறி ஓட்டும் பெரியவர் ஒருவர் தம் கைப்பேசியை மேஜைமேல் வைத்து, "பாருங்க தம்பி, பாவு இழை அறுந்தாப்ல நெடுகக் கோடு ஓடுது" என்றார். கடைக்கார இளைஞர் அதைச் சூட்டுத் தட்டின்மேல் கிடத்தி, பசை இளகியதும் மெல்லிய தகட்டால் விளிம்பைக் கிளப்பிக்கொண்டே, "டிஸ்ப்ளே காம்போவே மாத்தோணுமுங்கய்யா. ஒரிஜினல் வர நாளாகுமுங்க, இன்செல்னா இப்பவே போட்டுத் தர்றேனுங்க" என்று பதில் சொன்னார்.

பெரியவர் உவமையாகச் சொன்னது உண்மையில் திரையின் இலக்கணமே ஆகும். 1080-க்கு 2400 என்ற அளவுள்ள திரையில் நெடுக்குக் கம்பிகளும் குறுக்குக் கம்பிகளும் பாவும் ஊடையும் போல ஒன்றையொன்று வெட்டிச் செல்ல, அதனால் பிறக்கும் புள்ளிகள் 25 லட்சத்து 92 ஆயிரம். எந்தப் புள்ளி எப்போது எவ்வளவு ஒளிர வேண்டும் என்று இழைதோறும் ஆணையிடுகிற சில்லுக்கு டிஸ்ப்ளே டிரைவர் என்று பெயர். அந்தச் சில்லுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு தொடர்பு விட்டுப்போனாலும் போதும், துணியில் அறுந்த பாவு தெரிவதைப் போல மேலிருந்து கீழ்வரை கோடு விழுந்துவிடுகிறது.

திரைகளில் பிரதானமானவை இரண்டு ஜாதி. எல்.சி.டி. என்பதில் பின்னால் ஒரு வெள்ளை விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்க, முன்னால் உள்ள திரவப் படிகம் கதவைப் போல அதைத் திறந்தும் அடைத்தும் விடுகிறது, ஓ.எல்.இ.டி.யில் விளக்கும் இல்லை, கதவும் இல்லை, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைகிறது. இன்செல் என்று கடைகளில் சொல்லப்படும் மலிவான மாற்றுத் திரை பெரும்பாலும் முதல் ஜாதியைச் சேர்ந்தது; பெரியவருடைய கைப்பேசியின் ஒரிஜினலோ இரண்டாம் ஜாதி. இளைஞர் கடை விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு திரைகளிலும் ஒரே கறுப்புப் படத்தை வரவழைத்துக் காட்டினார்: ஒன்று இருட்டோடு இருட்டாகக் கலந்து மறைந்தே போயிற்று, மற்றது சாம்பல் பூத்த அடுப்பைப் போல வெளிறிக் கிடந்தது. பெரியவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நாளானாலும் ஒரிஜினலே போடுங்க தம்பி" என்றார்.

அந்த ஒரிஜினல் எங்கிருந்து வருகிறது?

முதலில் எல்.சி.டி.யின் கதையைப் பார்த்துவிடுவோம். 1888-ல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ரைனிட்சர், உருக்கினால் முதலில் கலங்கிப் பிறகு தெளிகிற விசித்திரமான ஒரு வஸ்துவைக் கண்டார். திரவப் படிக சாஸ்திரம் அங்கே தொடங்குகிறது. அதே ஆண்டில்தான் திருவானைக்காவலில் சி.வி. ராமன் பிறந்தார் என்பதும், அவருடைய சகோதரி மகன் எஸ். சந்திரசேகர், பெங்களூர் ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் 1977-ல் தட்டு வடிவ மூலக்கூறுகளாலான திரவப் படிகத்தை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்தார் என்பதும் நாம் பெருமையுடன் நினைக்க வேண்டிய செய்திகள். அந்த வகைச் சேர்மங்களைக் கொண்டு, எல்.சி.டி. திரையைப் பக்கவாட்டிலிருந்தும் தெளிவாகக் காட்டும் படலத்தைச் செய்து விற்றது ஜப்பானின் ஃபியூஜி ஃபிலிம். ஞானம் நம்மிடம் பிறந்தும் தொழில் பிற நாட்டில் வளர்ந்தது. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

ஓ.எல்.இ.டி. திரை செய்ய, இரும்பும் நிக்கலும் கலந்த இன்வார் என்னும் உலோகத்தைத் தலைமயிரைவிட மெல்லிய தகடாக்கி, அதில் எண்ணற்ற நுண்துளைகளை அரித்தெடுக்க வேண்டும். வெற்றிடத்தில் ஆவியாகும் நிறப்பொருள்கள் அத்துளைகளின் வழியே சென்று கண்ணாடியில் படிகின்றன. அந்தத் தகட்டில் நெடுங்காலமாகக் கோலோச்சி வருவது, 1876-ல் அச்சகமாகத் தொடங்கிய டாய் நிப்பான் பிரிண்டிங் என்ற ஜப்பானிய ஸ்தாபனம். 2019 ஜூலையில், வளையும் திரைக்கு வேண்டிய ஃபுளோரின் கலந்த பாலிஇமைடு உள்ளிட்ட மூன்று சரக்குகளின் ஏற்றுமதிக்கு ஜப்பான் கட்டுப்பாடு விதித்தபோது, உலகுக்கே திரை விற்கும் தென்கொரியா கலங்கிப் போயிற்று. 2025 பிப்ரவரியில் சீனா இண்டியத்தின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது; துத்தநாகத்தைச் சுத்திகரிக்கையில் உடன் கிடைக்கும் அந்த உலோகம் இல்லாமல், ஒளியும் புகுந்து மின்சாரமும் பாயும் மேற்பூச்சைத் திரைக்கு இடுவது அரிது.

நம் நிலை என்ன? திரைக்கும் சில்லுக்குமாக மத்திய அரசு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்தும், இங்கு நடப்பது பெரும்பாலும் வந்த கண்ணாடியைப் பொருத்தும் வேலைதான். பொருத்தும் வேலை எவ்வளவு விரைவில் வருமோ அவ்வளவு விரைவில் போகவும் கூடும். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் எழுந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை அனுபவித்து அறிந்தன.

2025 மார்ச்சில் தமிழக அரசு தன் பட்ஜெட்டில், சூலூரிலும் பல்லடத்திலும் தலா 100 ஏக்கரில் செமிகண்டக்டர் பூங்கா அமையும் என்று அறிவித்தது. இதில் பெரிய ஆலை ஒன்று வந்து நம்மை உயர்த்தும் என்று காத்திருப்பதைவிட, உதிரிபாகம் செய்தே வளர்ந்த கோவைக்கு இயல்பான வழி வேறு உண்டு என்பது என் அபிப்பிராயம். வார்ப்படமும் லேத்தும் பம்பும் கற்ற ஊர் இது. நீரை இறைக்கும் பம்பு செய்தவர்களுக்குக் காற்றை இறைத்து வெற்றிடம் உண்டாக்கும் பம்பு சிரமமானதே, ஆயினும் அந்நியமானதன்று. உலோகத்தைக் குணமறிந்து உருக்குபவர்களுக்கு இன்வார் தகடும் அத்தகையதே. ஓர் அச்சகம் கற்றுக்கொண்ட வித்தையை ஒரு வார்ப்படச் சாலை கற்க முடியாதா?

சூலூர்ப் பூங்காவில் மனை கேட்கப் போகும் கொங்கு நாட்டுத் தொழிலதிபர்களே, விண்ணப்பம் எழுதுவதற்கு முன் உங்கள் பட்டறையிலிருந்து இரண்டு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, இந்த ஒரு தகட்டைப் பற்றிப் படிக்க அனுப்புங்கள்.