பெரிய அலுவலகங்களுக்கு லினக்ஸ் சரிப்பட்டு வருமா?

"வீட்டில் லினக்ஸ் சரி, ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் உள்ள நிறுவனத்தில் தாக்குப்பிடிக்குமா?" வாசகர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

சர்வர் என்றால் சந்தேகமே வேண்டாம். லண்டன் பங்குச் சந்தை 2011-ல் தன் வர்த்தகத்தை லினக்ஸில் இயங்கும் சிஸ்டத்துக்கு மாற்றியது. சிக்கல் தொடங்குவது ஊழியரின் மேஜையில்தான்.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியைப் பாருங்கள். விண்டோஸ் என்.டி. 4-க்கு மைக்ரோசாப்டின் ஆதரவு முடியவிருந்த நேரம். 2003-ல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தார்கள். மைக்ரோசாப்ட் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மரே மேயரை நேரில் வந்து பார்த்தார், பலிக்கவில்லை. சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றி முடிக்க 2013 ஆகிவிட்டது. பத்து வருடம்! லினக்ஸை இன்ஸ்டால் செய்யவா இவ்வளவு காலம்? இல்லை. ஒவ்வொரு துறையும் தன் வசதிக்கு எழுதி வைத்திருந்த மேக்ரோக்கள், கடித டெம்ப்ளேட்டுகள், விண்டோஸில் மட்டுமே ஓடும் அப்ளிகேஷன்கள் ஆகியவைதான் கழுத்தைப் பிடித்தன. டெம்ப்ளேட்டுகளுக்காகவே 'வோல்மக்ஸ்' என்று தனி சாப்ட்வேர் எழுத வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் பிறகு, 2017-ல் மாநகராட்சி மன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது.

பிரான்சின் ஜாந்தர்மெரி காவல் படை வேறு வழியில் போனது. 2005 வாக்கில் விண்டோஸைத் தொடாமல், அதன் மேல் ஓபன் ஆபீஸை மட்டும் கொடுத்தார்கள். அடுத்து பயர்பாக்ஸ், தண்டர்பேர்டு. கை பழகிய பிறகே, 2008-ல், அடியில் உபுண்டுவை நுழைத்தார்கள். ஊழியர் கண்ணுக்குத் தெரிந்த அப்ளிகேஷன்கள் மாறவே இல்லை! படை என்பதால் மேலிடத்து உத்தரவுக்கு மறுபேச்சும் இல்லை. எல்லா நிறுவனத்துக்கும் அந்த வசதி கிடையாது. இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் உபுண்டுவில் ஓடுகின்றன.

இது தெரியாமல் நானும் சூடுபட்டேன். நண்பரின் அலுவலகத்தில் 12 கம்ப்யூட்டர்களை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் லினக்ஸுக்கு மாற்றினேன். திங்கள் காலை எக்ஸெல் மேக்ரோ ஓடாமல் சம்பளப் பட்டியல் நின்றது. பழைய தமிழ் பாண்ட்டில் டைப் செய்த கடிதங்களெல்லாம் கோழிக் கிறுக்கல். மூன்றே நாளில் விண்டோஸைத் திரும்பப் போட்டேன்.

இரண்டாவது முறை முதலில் மேக்ரோக்களைப் பட்டியல் எடுத்தேன். விண்டோஸிலேயே ஆறு மாதம் லிப்ரே ஆபீஸைப் பழக்கினேன். இப்போது 11 கம்ப்யூட்டர்களில் லினக்ஸ். கணக்காளருடையதில் மட்டும் விண்டோஸ். அதைத் தொட அவர் இன்னும் விடவில்லை.