துணிப் பெட்டியில் வேகும் சோறு

பர்கூர் என்றதும் மாடு நினைவுக்கு வந்தால், அது ஈரோடு மாவட்டத்து மலை. இது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம், ஜவுளிக்குப் பேர்போன ஊர். கடைகளில் சரக்கைப் பிரித்து அடுக்கியபின் மிஞ்சுவது அட்டைப்பெட்டியும் துண்டுத் துணியும். மாவட்டத்தின் கருங்கல் பட்டறைகளில் பலகை அறுத்தபின் மிஞ்சுவது கறுப்புக் கல் துண்டுகள். வீட்டுப் பரணில் சட்டம் உடைந்த சாமி படத்தின் கண்ணாடி ஒன்று கிடக்கும். இவ்வளவும் சேர்ந்தால் புகையும் தீயும் இல்லாத ஓர் அடுப்பு.

முதலில் ஒரு கணக்கு. மேகமில்லாத உச்சிவெயில், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1000 வாட் சக்தியைக் கொட்டுகிறது. பக்கத்துக்கு 45 செ.மீ. உள்ள பெட்டியின் வாய்க்குக் கிடைப்பது 200 வாட். வீட்டிலிருக்கும் இன்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் வரை இழுக்கும். அதில் பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு சோறு எப்படி வேகும்?

மார்கழி விடியலில் ஓசூர்ப் பக்கம் கம்பளி போர்த்தி நிற்பவருக்கு விடை தெரியும். கம்பளி சூடு தருவதில்லை, உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. சூரிய அடுப்பும் வெயிலுக்குப் போர்த்திய கம்பளிதான். வருவது கொஞ்சமானாலும் போவது அதைவிடக் கொஞ்சமாக இருந்தால், உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும்.

சூடு தப்பிக்க மூன்று வழி உண்டு. முதலாவது, சுவர் வழியாகக் கடத்தல். பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டியை வைத்து, நான்கு விரல் இடைவெளியில் துண்டுத் துணியை நிரப்பினால் இது அடைபடும். உண்மையில் காவல் காப்பது துணியல்ல, நூல்களுக்கிடையே சிக்கி நகர முடியாமல் நிற்கும் காற்று. அதனால்தான் துணியை இடித்துத் திணிக்கக் கூடாது. இரண்டாவது, சூடான காற்று மேலெழுந்து வெளியேறுவது. இடுக்கில்லாமல் மூடிய கண்ணாடி அதைத் தடுக்கும்.

மூன்றாவதுதான் விந்தை. சூடேறிய எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசும். வெயிலை உள்ளே விடும் அதே கண்ணாடி, இந்தக் கதிரை நேரே வெளியே விடாமல் உறிஞ்சிக்கொள்கிறது. ஒளியாக நுழைந்தது கறுப்புப் பாத்திரத்தில் பட்டுச் சூடாக மாறிவிடுவதால், வந்த வழியே திரும்ப முடிவதில்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் கைவைத்துச் சுட்டுக்கொண்ட எல்லோரும் இதை அறிவார்கள்.

இதை முறையாக அளந்து பார்த்தவர் ஜெனிவாவைச் சேர்ந்த ஒராஸ் தெ சோசூர். 1767-இல் கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துத் தொடங்கினார். பிறகு செய்த பெட்டியொன்று 109 டிகிரி செல்சியஸ் வரை எட்டியது. அதை அவர் மலையுச்சிக்கும் தூக்கிப் போனார். அங்கே காற்று குளிர்ந்திருந்தும், பெட்டிக்குள் சூடு கிட்டத்தட்ட அடிவாரத்தில் இருந்த அளவே இருந்தது. குளிர்காலமானாலும் வெயில் தெளிவாக அடித்தால் போதும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. இந்தியாவில், பம்பாயில் இருந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்ணாடிகள் பதித்த அடுப்பில் சமைத்துக் காட்டி, 1878-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். நம் பக்கத்தில் ஆரோவில் சமையற்கூடத்தின் கூரைமேல் 15 மீட்டர் அகலக் கிண்ணம் ஒன்று வெயிலைக் குவித்து, சமைப்பதற்கான நீராவியைத் தருகிறது.

நம் பெட்டிக்கு அவ்வளவு ஆடம்பரம் வேண்டாம். உள்பெட்டியின் சுவரில் அலுமினியத் தாளை மைதாப் பசையால் ஒட்டுங்கள். வெளிப்பெட்டியின் மூடியிலும் ஒட்டிச் சாய்த்து நிறுத்தினால், பக்கத்தில் விழும் வெயிலையும் அது உள்ளே திருப்பும். அடியில் கறுப்புக் கல் துண்டு ஒன்று. சூடேற அது நேரம் எடுக்கும், ஆனால் மேகம் கடக்கும்போது சேர்த்த சூட்டைத் திருப்பித் தரும். அதன்மேல் மூடியுள்ள மெல்லிய பாத்திரம். விறகடுப்பில் கரிபிடித்த பாத்திரத்தைத் தேய்க்காமல் வைத்திருந்தால் இன்றைக்கு அதற்குத்தான் மவுசு. தெர்மாகோலை மட்டும் உள்ளே வைக்காதீர்கள், சூட்டில் இளகிவிடும்.

விழும் 200 வாட்டில் 80 வாட் பாத்திரத்தில் தங்கினாலும், 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குள் 95 டிகிரியைத் தொடும். சோறு வேகக் கொதிநிலையே தேவையில்லை. 80 டிகிரியைத் தாண்டினால் மெல்ல வெந்துவிடும். ஊறவைத்த பருப்பு, சர்க்கரைவள்ளி, முட்டை எல்லாம் ஆகும். தண்ணீரை 65 டிகிரியில் சில நிமிடம் வைத்திருந்தாலே நோய்க்கிருமிகள் அழியும்.

ஆகாததும் உண்டு. இந்த ஊர்க்காரரின் ராகிக் களி இதில் நடக்காது. களிக்கு வேண்டியது சூடு மட்டுமல்ல, துடுப்பைப் பிடித்துக் கிண்டும் கை. கிண்டுவதற்காகக் கண்ணாடியைத் திறந்தால் சேர்த்த சூடெல்லாம் பறந்துவிடும். தாளிப்புக்கும் அடுப்படிக்குத்தான் போக வேண்டும். மேகம் மூடிய நாளில் அரைவேக்காட்டை மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக விட்டுவைக்கவும் கூடாது, கெட்டுப்போகும். அன்றைக்கு கேஸ் அடுப்பே கதி.

மற்ற நாட்களில் காலை பத்தரைக்கு வைத்தால் ஒன்றரைக்குச் சாப்பாடு. அவ்வப்போது நிழலைப் பார்த்துப் பெட்டியைத் திருப்பிவைத்தால் போதும். ஏப்ரல் 23-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் பர்கூருக்கு நேர் உச்சியில் சூரியன் வரும். அந்த நண்பகலில் பெட்டியைத் திருப்பும் வேலையும் இல்லை. அதன் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிக் கிடக்கும்.