இராமனும் அவரே, இராவணனும் அவரே!

நடிகர்களுக்கு வாய்க்கும் வேஷங்களில் சில சமயம் விதியே குறும்பு செய்துவிடுகிறது. தெலுங்கு நடிகர் ஸ்ரீ என். டி. ராமராவின் விஷயத்தைப் பாருங்கள். 1958-ஆம் வருஷம் தமிழில் வெளிவந்த 'சம்பூர்ண ராமாயண'த்தில் அவர் ஸ்ரீராமர். அதே வருஷம் தெலுங்கில் வந்த 'பூகைலாஸ்' படத்திலோ, ஆத்மலிங்கம் வேண்டித் தவம் கிடந்த இராவணன்!

1964-இல் 'கர்ணன்' படத்தில் கண்ணபிரானாக வந்து, சிவாஜி கணேசனின் கர்ணனிடம் தர்ம பலன் முழுவதையும் யாசித்துப் பெற்றார். அந்தக் கடனைத் தீர்க்க எண்ணினாரோ என்னவோ, 1977-இல் தாமே டைரக்ட் செய்த 'தான வீர சூர கர்ணா'வில் கர்ணனும் அவரே, கண்ணனும் அவரே. போதாக்குறைக்குத் துரியோதனனும் அவரே! பாரதப் போரில் பாதி ஒரு மனிதருக்குள்ளேயே நடந்து முடிந்தது.

இது வெறும் வேடிக்கைதானா? அவர் முகத்தில் கண்ணனைக் கண்டு கைகூப்பிய ஜனங்கள், துரியோதனனாக அவர் பேசிய வசனங்களையும் மனப்பாடம் செய்தார்கள். நம் இதிகாசங்களில் இராவணனிடம் பக்தி உண்டு. துரியோதனனிடம் நட்பு உண்டு. முழுக்கக் கெட்டவன் என்று எவனையும் நம் முன்னோர் ஒதுக்கவில்லை. தெய்வத்துக்கும் அதன் பகைவனுக்கும் ஒரே முகம் பொருந்திய ரகசியம் அதுவே அல்லவா?