உயர்நிலைப் பள்ளிப் பிரவேசமும் உப்பளக் குடும்பங்களும்

மரக்காணம் கரையோரத்தில் உப்பு விளையும் காலமும், பிள்ளைகளை மேல் வகுப்பில் சேர்க்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. தை மாதத்தில் பாத்திகளைத் திருத்தும் வேலை துவங்குகிறது. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் முதிர முதிர, உவர்நீர் விரைவில் வற்றி உப்பு விளைகிறது. அந்நாட்களில் தாயும் தந்தையும் விடியுமுன்னரே அளத்திற்குச் சென்றுவிடுகிறார்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பள்ளிக்கூடத்தின் வருஷமோ ஏப்ரல் மாதத்தில் முடிந்து ஜூன் மாதத்தில் மீண்டும் துவங்குகிறது. பழைய பள்ளியில் சான்றிதழ் வாங்குவதும், தாலுகா அலுவலகத்திற்கு நடப்பதும், புதிய பள்ளியில் மனுக் கொடுப்பதும் இந்தச் சில வாரங்களுக்குள் நடந்தாக வேண்டும்.

இதன் விளைவு யாது? பிள்ளை ஐந்தாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ தேறிவிடுகிறது. ஊர்ப் பள்ளியில் அதற்கு மேல் வகுப்பில்லை. அடுத்த பள்ளியில் சேர்க்க ஒரு காகிதம் குறைகிறது. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட, ஜூன் கழிந்து ஜூலையும் வந்துவிடுகிறது. அதற்குள் பிள்ளை பெற்றோருடன் அளத்திற்குப் போகப் பழகிவிடுகிறது. படிப்பில் பின்தங்கியதாலன்று, இரு பள்ளிகளுக்கு நடுவே கைவிடப்பட்டதாலேயே அப்பிள்ளையின் கல்வி நின்றுபோகிறது.

இதற்குப் பரிகாரம் உப்பளத் தொழிலிலேயே அமைந்திருக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது பாத்திகளில் வேலை இராது. கூலியில்லாத அம்மாதங்கள் குடும்பத்திற்குக் கஷ்ட காலமே. ஆயினும் அலுவலகங்களுக்குச் சென்று வரக் கைவசம் நாள் இருப்பதும் அப்போதுதான். சித்திரையில் வேண்டிய காகிதங்களைக் கார்த்திகையிலேயே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் சொல்லப்படும் விஷயங்களில் முக்கியமானது இதுவே.

பிரவேசம் நிகழும் மூன்று இடங்கள்

ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரையிலும், நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரையிலும், உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரையிலும், மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் பாடம் நடக்கிறது. ஆகையால் ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு ஆகிய மூன்று இடங்களில் பிள்ளை பள்ளி மாற நேரிடலாம்.

முதியோர் சிலர் உயர்நிலைப் படிப்பு என்றால் சம்பளம் கட்டிப் படிக்கும் படிப்பு என்றே இன்னும் எண்ணியிருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.ஸி. பரீட்சை ஏற்பட்ட காலத்தில் அது உண்மைதான். இன்று அரசாங்கப் பள்ளிகளில் போதனைச் சம்பளம் கிடையாது. 1978-ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி ஏற்பட்டதன் பின், கல்லூரிக்குச் செல்லாமல் பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வழியுண்டாயிற்று.

சட்டம் அளிக்கும் உரிமை

இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை கல்வி பெறும் உரிமையை அது அளிக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்ப்பவர்கள் அதில் ஐந்து விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும்.

முதலாவது: ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை இல்லையானால், அரசாங்கப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற்றல் கேட்கப் பிள்ளைக்கு உரிமையுண்டு.

இரண்டாவது: மாற்றுச் சான்றிதழைப் பழைய பள்ளியின் தலைமை உபாத்தியாயர் உடனே கொடுக்க வேண்டும். அது வரத் தாமதமாவதைக் காரணமாகக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ ஒத்திப்போடவோ கூடாது.

மூன்றாவது: வயதுக்கு அத்தாட்சி இல்லை என்பதற்காகப் பிள்ளையைத் திருப்பியனுப்பலாகாது.

நான்காவது: சேர்க்கைக்குக் குறித்த காலம் கடந்து வந்தாலும் இடம் மறுக்கலாகாது. ஆகவே, ஜூன் தவறிவிட்டதென்று அந்த வருஷத்தையே கைவிட வேண்டியதில்லை.

ஐந்தாவது: சேர்ப்பதற்கென்று நன்கொடை கேட்பதும், பிள்ளையையோ பெற்றோரையோ பரீட்சித்துப் பொறுக்குவதும் விலக்கப்பட்டிருக்கின்றன.

இடையில் படிப்பை விட்ட பிள்ளைக்கும் இச்சட்டம் இடம் தருகிறது. அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்ட பாடங்களுக்குத் தனிப்பயிற்சி அளிக்க வேண்டும். அவ்விதம் சேர்ந்த பிள்ளை 14 வயது கடந்த பின்னும் எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை கட்டணமின்றிப் படிக்கலாம்.

ஆனால் இவ்வுரிமை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிரவேசத்திற்குச் சட்டத்தின் இந்தக் காவல் இல்லை. அவ்வயதில்தான் பிள்ளையின் கை வேலைக்கு உதவத் தொடங்குகிறது. பெண்ணுக்குக் கலியாணப் பேச்சும் எழுகிறது. ஆகையால் மூன்று இடங்களிலும் அதிக எச்சரிக்கை வேண்டியது எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லும் இடமே. எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த வாரத்திலேயே மாற்றுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் புதிய பள்ளியில் பெயரைப் பதிவு செய்துவிடுவது உத்தமம்.

மழைக் காலத்தில் தேடி வைக்க வேண்டிய காகிதங்கள்

பிறப்புச் சான்றிதழ்: பிறப்பைப் பதிவு செய்தும் பிள்ளையின் பெயரைச் சேர்க்காமல் விட்ட குடும்பங்கள் பல. பதிவு செய்த 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பின் 15 வருஷம் வரையில் தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குச் சுமார் 11 வயதாகிறது. எனவே இன்னும் காலம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவலாம்.

பெயரும் தேதியும்: பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, பள்ளிப் பதிவேடு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெயரின் எழுத்து, தகப்பனார் பெயரின் முதலெழுத்து, பிறந்த தேதி ஆகியவை மூன்றிலும் ஒத்திருக்க வேண்டும். பிழை இருப்பின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் திருத்திக்கொள்வது சுலபம். மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்ட பிழையை நீக்குவது மிகுந்த சிரமம்.

சாதிச் சான்றிதழ்: இதற்கு இ-சேவை மையத்தில் மனுச் செய்யலாம். மனு கிராம நிர்வாக அதிகாரியின் விசாரணையும் வருவாய் ஆய்வாளரின் விசாரணையும் முடிந்து தாலுகா அலுவலகத்திற்குச் செல்கிறது. இருளர் முதலான பழங்குடியினருக்கு இச்சான்றிதழை வழங்குபவர் கோட்ட வருவாய் அதிகாரி. அவ்விசாரணைக்கு நாள் அதிகம் பிடிப்பதால் அக்குடும்பங்கள் எல்லோருக்கும் முந்தி மனுக் கொடுக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் கையில் இல்லையென்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவைப்பது தவறு. பிள்ளையை முதலில் சேர்த்துவிட்டுச் சான்றிதழைப் பின்னர் கொடுக்கலாம். அது வரும்வரை உதவித்தொகை போன்றவையே தாமதப்படும்.

வருமானச் சான்றிதழும் சேமிப்புக் கணக்கும்: உதவித்தொகைக்கும் விடுதிக்கும் இவை தேவை. கணக்கு பிள்ளையின் பெயரில் இருப்பது நலம்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்குமுன் யோசிக்க வேண்டியவை

ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியில், எந்தப் பிரிவில் சேர்க்கிறோம் என்பதன் பலன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்னரே தெரியவரும். அரசாங்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரிகளில் நூற்றுக்கு ஏழரை வீதம் இடம் ஒதுக்கும் சட்டம் 2020-இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அவ்வொதுக்கீடு விரிக்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசாங்கப் பள்ளியில் படித்திருப்பதே அதற்குரிய தகுதி. கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்க 2022-இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டமும் இதே வகுப்புகளையே கணக்கிட்டது. இடையில் இரண்டு வருஷம் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் படிக்கவைத்து மறுபடி அரசாங்கப் பள்ளிக்குக் கொண்டுவருபவர்கள், கடனும் பட்டு இந்தப் பலனையும் இழக்க நேரும்.

பாடமொழியும் இவ்வாறே. தமிழ்வழியில் பயின்றவர்களுக்கு மாநில அரசாங்க உத்தியோகங்களில் நூற்றுக்கு இருபது இடங்களை முன்னுரிமையில் ஒதுக்கும் சட்டம் 2010-இல் வந்தது. முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டுமென்று 2020-இல் அது திருத்தப்பட்டது. ஆறாம் வகுப்பில் ஆங்கிலவழிப் பிரிவுக்கு மாறுபவர் இதை அறிந்தே மாற வேண்டும். மாறுவது தவறென்பதில்லை, அறியாமல் மாறுவதே தவறு.

பதினொன்றாம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளையின் மதிப்பெண்ணோடு விருப்பத்தையும் கேட்டறிய வேண்டும். பத்தாம் வகுப்பில் தவறியவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. சில வாரங்களில் நடக்கும் துணைத் தேர்வில் தேறினால் அதே வருஷத்தில் மேலே படிக்கலாம்.

செலவு, விடுதி, உதவித்தொகை

அரசாங்கப் பள்ளியில் பாடப்புத்தகங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்பு வரை மதிய உணவு உண்டு. பேருந்தில் செல்லும் பிள்ளைகளுக்கு இலவசப் பயணச்சீட்டு உண்டு. எனினும் பை, செருப்பு முதலியவற்றுக்குக் கொஞ்சம் கைச்செலவு ஆகத்தான் செய்யும். ரசீதின்றிக் கேட்கப்படும் எந்தத் தொகையையும் கொடுக்க வேண்டியதில்லை.

தூரத்திலுள்ள பள்ளியில் படிக்க விரும்புவோர்க்கு அரசாங்க விடுதிகள் இருக்கின்றன. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் விடுதியில் சேர, வீட்டிற்கும் பள்ளிக்கும் 8 கிலோமீட்டருக்குமேல் தூரம் இருக்க வேண்டுமென்பது விதி. பெண் பிள்ளைகளுக்கு இத்தூர விதி இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குத் தனி விடுதிகள் உண்டு. இவ்விடுதிகள் யாவும் சமூக நீதி விடுதிகள் என அழைக்கப்படுமென்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. பெற்றோர் இருவரும் விடியுமுன் அளத்திற்குச் செல்லும் வீடுகளில், பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப ஆளில்லை. அத்தகைய குடும்பங்களுக்கு விடுதி பெரிய உபகாரமாகும்.

எட்டாம் வகுப்பில் படிக்கும்போது எழுதக்கூடிய தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தேர்வும் முக்கியமானது. அரசாங்க, உதவி பெறும் பள்ளிகளின் மாணவர்களில் பெற்றோரின் வருஷ வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவர்கள் இதை எழுதலாம். தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வருஷத்திற்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. மனு பள்ளியின் மூலமாகவே செல்ல வேண்டும். எட்டாம் வகுப்புக்குப் பின் பிள்ளையை வேலைக்கு அனுப்பலாமென்று எண்ணும் வீட்டில், இத்தொகை அந்த எண்ணத்தையே மாற்றக்கூடும்.

சங்கத்தின் கடமை

தனி மனிதனுக்குக் கஷ்டமானதைப் பலர் கூடிச் சுலபமாக்குவதே கூட்டுறவின் தத்துவம். பள்ளிப் பிரவேசத்திலும் சங்கங்கள் இதைச் செய்து காட்டலாம்.

ஐப்பசி மாதத்தில் சங்கத்தின் காரியதரிசி, அங்கத்தினர்களின் பிள்ளைகளில் ஐந்து, எட்டு, பத்தாம் வகுப்புகளில் படிப்பவர்களின் ஜாபிதா ஒன்றைத் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவற்றில் இ-சேவை மையங்கள் நடைபெறுவதால், குறைந்த காகிதங்களுக்கு அங்கேயே மனுச் செய்யலாம். இவ்வேலையைத் தை பிறக்குமுன் முடித்துவிட வேண்டும்.

உப்பு வாரும் மாதங்களில் கூலி கைக்கு வரும்போது, வாரந்தோறும் ஒரு சிறு தொகையைப் பிள்ளையின் பெயரில் சங்கத்தில் சேமிப்பாகப் போட்டுவந்தால், ஜூன் மாதச் செலவுக்கு நகையை அடகு வைக்க நேராது.

ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுக்கு ஒருவர் கூலியை இழந்து பள்ளிக்கு அலைய வேண்டியதில்லை. சங்கத்தின் சார்பில் ஒருவர் பழைய பள்ளியின் தலைமை உபாத்தியாயரைக் கண்டு, எல்லாப் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ்களும் தயாராவதற்கு ஏற்பாடு செய்யலாம். பின்னர் பெற்றோர் ஒரே நாளில் கூடிச் சென்று சேர்த்து வரலாம். ஜூன் மாத முடிவில் ஜாபிதாவை மறுபடி எடுத்து, சேராத பிள்ளை எது என்று பார்க்க வேண்டும். ஒரு பெயர் மிஞ்சினாலும் அவ்வீட்டுக்குப் போய் விசாரிப்பது அவசியம். இடம் மறுக்கப்பட்டிருந்தால், பெற்றோர் பெரும்பான்மையாகவுள்ள பள்ளி மேலாண்மைக் குழுவிடம் முறையிடலாம். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம்.

14 வயது நிரம்பாத பிள்ளையை எத்தொழிலிலும் வேலைக்கு அமர்த்தலாகாதென்று 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் தடுக்கிறது. தடுத்தல் மட்டும் போதாது. அளத்தின் வரப்பில் நிற்கும் பிள்ளைக்கு வகுப்பில் ஓர் இடம் காத்திருக்க வேண்டும். அந்த இடத்தைப் பெற்றுத் தரும் காகிதங்கள் மழை நின்று வெயில் ஏறுமுன் கைக்கு வந்திருக்க வேண்டும். வரும் ஐப்பசியில் சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே இந்த ஜாபிதாவை எழுதத் துவங்குவது நன்று.