‘ராவிலெ’ என்றால் காலையா, இரவா? தூக்கத்தைக் கெடுக்கும் மாத்திரைகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூரை அடுத்த நல்லேப்பிள்ளியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தமிழும் மலையாளமும் இரு கண்கள். மருந்துக் கடைக்காரர், "ராவிலெ ஒரெண்ணம் கழிக்கணம்" என்று சொல்லிக் கவரை நீட்டினால், காலையில் ஒன்று சாப்பிட வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். பொள்ளாச்சிக்கு அப்பாலிருந்து புதிதாகப் பிழைக்க வந்தவரின் பாடுதான் திண்டாட்டம். அவர் ஊரில் ‘ராவிலே’ என்றால் இரவிலே. காலை மாத்திரை இராச் சோற்றுக்குப் பிறகு உள்ளே போய்விடுகிறது. (‘கழிக்கணம்’ என்றதைக் கேட்டு அவர் என்ன நினைத்தாரோ, அது வேறு கதை!)

சொல் மயக்கம்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கப்படும் நீர் பிரியும் மாத்திரைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் பரவலாக வழங்கப்படும் ஃபுரோசமைடு, விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு மணி நேரம் வரை சிறுநீரைப் பிரித்துக்கொண்டே இருக்கும். இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டவர் விடியும்வரை கொல்லைப்புறத்துக்கும் பாய்க்கும் நடக்க வேண்டியதுதான். மூட்டு வீக்கத்துக்கும் இழுப்புக்கும் தரப்படும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படியே. உடலில் இயற்கையாகச் சுரக்கும் இதே வகைச் சத்து காலையில் மிகுந்தும் இரவில் குறைந்தும் இருப்பது. அதைப் பின்பற்றியே காலைச் சாப்பாட்டுக்குப் பின் இதைக் கொடுக்கிறார்கள். இரவில் போட்டால் கண் கொட்டக் கொட்ட விழித்திருக்க நேரும். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் ஃபுளுவாக்சடினையும் பெரும்பாலும் காலையில் எடுக்கத்தான் சொல்வார்கள்.

மருந்து வாங்கும்போது, "ராவிலெயோ, ராத்திரியோ?" என்று மலையாளத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. எழுதப் படிக்கத் தெரியாதவர், கவர் மேல் ஒரு சூரியனோ பிறையோ போட்டுத் தரச் சொல்லலாம்.

தேயிலைக்குள் ஒரு மருந்து

இடுக்கி மலைத் தோட்டங்களில் பனிக்காலம் வந்தால் இழுப்புக்காரர்களுக்கு அவதி. மூச்சு விடச் சிரமமானால் தூக்கம் எங்கே வரும்? அதற்குத் தரப்படும் மாத்திரையும் தூக்கத்தைக் கெடுக்கக்கூடும் என்பதுதான் விந்தை. தியோஃபிலின் என்ற மருந்தை 1888இல் ஜெர்மன் விஞ்ஞானி ஆல்பிரெக்ட் கோசெல் தேயிலையிலிருந்துதான் முதன்முதலில் பிரித்தெடுத்தார். காப்பியிலுள்ள காஃபீனுக்கு இது நெருங்கிய உறவு. சுருங்கிய மூச்சுக் குழலை விரிப்பதோடு மூளையையும் விழிக்க வைக்கும். சால்புடமால் மாத்திரை சிலருக்குக் கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் தரும். இவற்றைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. வாயால் இழுக்கும் மருந்தாக மாற்றித் தர முடியுமா என்று டாக்டரைக் கேட்கலாம். அதில் மருந்தின் அளவு குறைவு. அது நேராக நுரையீரலுக்கே போகிறது.

சீட்டில்லாமல் வாங்கும் தலைவலி, ஜலதோஷ மாத்திரைகளும் சாதுவானவை அல்ல. பலவற்றில் காஃபீன் உண்டு. மூக்கடைப்பைத் திறக்கும் சரக்கும் சிலருக்கு விழிப்பைத் தரும். கஞ்சிக்கோட்டு ஆலைகளில் இரவு ஷிப்டுக்குப் போகிறவர் தலைவலி மாத்திரையும் நாலு கிளாஸ் டீயுமாகப் பொழுதைத் தள்ளிவிட்டு, பகலில் படுத்தால் தூக்கம் வரவில்லை என்று அங்கலாய்ப்பது சகஜம். குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரமாகும். விடிகாலை நான்கு மணி டீ, காலை ஒன்பது மணிக்கும் பாதி மிச்சமிருக்கும்.

மாத்திரையே சாப்பிடாதவருக்கும் தூக்கம் கெட்டால் உள்ளே ஏதேனும் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுவது சர்க்கரை வியாதியாக இருக்கலாம். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமாகவும் இருக்கலாம். படுத்தால் மூச்சுத் திணறி, இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் முடிகிறது என்றால் இருதயத்தைச் சோதிப்பது அவசரம். படபடப்பும் வியர்வையும் உடல் மெலிவும் சேர்ந்திருந்தால் தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். படுத்தவுடன் கால் குறுகுறுத்து, அசைக்காமல் இருக்க முடியாத பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு காரணம். குறட்டை இடையில் நின்று, திணறி எழுபவரின் கோளாறு தொண்டையில். குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியறையில் கிடப்பவர், இரவு மூன்று மணிக்கே விழித்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது மனச்சோர்வின் அடையாளமாகலாம். அதற்கும் வைத்தியம் உண்டு.

இவ்வளவையும் பார்க்காமல், "ஒரு தூக்க மாத்திரை கொடுங்க சேட்டா" என்று கடையில் நிற்பவர்கள் உண்டு. அல்பிரசோலம், டயஸிபம், சோல்பிடம் ஆகியவற்றை மத்திய அரசு 2013இல் எச்-1 பட்டியலில் சேர்த்து, 2014 மார்ச் முதல் அமல் செய்தது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. வாங்குபவர் பெயரைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. சில வாரங்களிலேயே இவை பழகிவிடும். குறட்டைத் திணறல் உள்ளவருக்கு மூச்சை மேலும் அடக்கும். சித்தூர் வட்டாரம் கள்ளுக்குப் பேர் போனது. கள்ளோ சாராயமோ முதலில் கண்ணைச் செருகச் செய்து, பின்னிரவில் எழுப்பிவிடும். அதன் மேல் தூக்க மாத்திரையும் போட்டால் மூச்சே நின்றுபோகலாம்.

சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், இருமல் மருந்து, லேகியம் உள்பட, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினால், நேரத்தை மாற்றுவதாலேயே பலருக்குத் தூக்கம் திரும்பும். ஏற்கெனவே தூக்க மாத்திரைக்குப் பழகியவர் மட்டும் ஒரே நாளில் விட்டுவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை முன்னைவிட அதிகமாகும். சிலருக்கு வலிப்பும் வரக்கூடும். டாக்டர் சொல்லும் கணக்கில், வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.