இரைப்பையைக் குறைத்தால் அவசரபுத்தி குறையுமா?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையில் கத்தி படுவது இரைப்பையிலும் சிறுகுடலிலும்தான். ஆனால் நோயாளிகள் சொல்லும் மாற்றங்கள் வயிற்றோடு நிற்பதில்லை. பசி முன்போல் எடுப்பதில்லை என்கிறார்கள். கண்டால் விடாத இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் இப்போது இழுப்பதில்லை என்கிறார்கள்.

1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’ முறையைத் தொடங்கியபோது கணக்கு எளிதாக இருந்தது. பை சிறுத்தால் உணவு குறையும், உணவு குறைந்தால் எடை இறங்கும். இரைப்பை வெறும் பை அல்ல என்பது பிறகுதான் தெளிவானது. 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மசயாசு கொஜிமாவும் கென்ஜி கங்காவாவும் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தார்கள். சாப்பாட்டு வேளைக்கு முன் ரத்தத்தில் ஏறி, சாப்பிட்டதும் இறங்கும் பசி ஹார்மோன் இது. பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ‘ஸ்லீவ்’ என்ற இன்னொரு அறுவை முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கும்போது அந்தப் பகுதியும் போய்விடுகிறது. பட்டினி கிடந்து எடை குறைப்பவருக்கோ கிரெலின் கூடுகிறது. குறைத்த எடை திரும்பி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்று பருமனானவரைப் பழிப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

கிரெலினின் வேலை பசியோடு நிற்பதில்லை. அதற்கும் அவசரபுத்திக்கும் உள்ள தொடர்பை ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் எலிகளிடம் காட்டினார்கள். ஒரு சைகை வந்தால் நெம்புகோலை அழுத்த வேண்டும். வேறொரு சைகை வந்தால் அழுத்தாமல் காத்திருக்க வேண்டும். சரியாகச் செய்தால் சர்க்கரை உருண்டை பரிசு. நன்றாகப் பழகிய எலிகளின் மூளைக்குள் கிரெலினைச் செலுத்தியதும், காத்திருக்க வேண்டிய நேரத்திலும் அவை அழுத்தின. பரிசு கைநழுவிப் போனபோதும் கை அடங்கவில்லை. வெகுமதி உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற வேதிப்பொருள் உற்பத்தியாகும் நடுமூளைப் பகுதியில் கிரெலினின் வேலையைத் தடுத்தபோது அந்த அவசரம் தணிந்தது.

மனிதர்களிடம் அவசரபுத்தியை அளக்கக் கேட்கும் கேள்வி சாதாரணமானது: இன்றைக்கே 500 ரூபாய் வேண்டுமா, ஒரு மாதம் கழித்து 1,000 ரூபாய் வேண்டுமா? தொகையையும் நாளையும் மாற்றி மாற்றிக் கேட்டால், ஒருவர் எவ்வளவு பொறுப்பார் என்பது தெரிந்துவிடும். உடல் பருமன் உள்ளவர்கள் சராசரியாக ‘இன்றைக்கே’ பக்கம் சற்று அதிகம் சாய்கிறார்கள். அறுவைக்குப் பிறகு இந்தச் சாய்வு குறைந்ததாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. சிலவற்றில் மாற்றமே இல்லை. மூளைப் படங்களில் தெரிவது இன்னும் தெளிவானது: அறுவைக்குப் பின், கொழுப்பும் இனிப்பும் மிகுந்த உணவின் படத்தைக் காட்டினால் வெகுமதி உணர்வுக்கான பகுதிகள் முன்னைப்போல் துள்ளுவதில்லை. குடலில் சுரந்து ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் கூடுவதற்கும் இதில் பங்குண்டு.

ஆக, உணவின் மேலுள்ள இழுப்பு தளர்கிறது. அதை வைத்து சுபாவமே மாறிவிட்டது என்று சொல்வது அவசரம். அமெரிக்காவில் இந்த அறுவை செய்துகொண்ட 1,945 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2012-ல் வெளியான ஆய்வில், குடிநோய் உள்ளவர்களின் பங்கு அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதம். முதல் ஆண்டில் அது ஏறவில்லை. இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமானது. பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் இந்த ஆபத்து அதிகம் தெரிந்தது. அவர்களுக்கு மது இரைப்பையில் தங்காமல் நேரே சிறுகுடலுக்கு இறங்குவதால், அதே அளவு குடித்தாலும் போதை சட்டென்று ஏறும், இறங்க நேரமாகும்.

அறுவைக்கு நாள் குறிக்கும் முன் குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. எடை இறங்கிவிட்டதே என்று இரண்டாம் ஆண்டுப் பரிசோதனையை விட்டுவிடவும் கூடாது.