பாறுகள் எங்கே போயின?

எங்கள் எழுத்தறிவு வகுப்பில் ஒரு நாள் "ப" வரிசை படித்துக் கொண்டிருந்தோம். பறவைப் பெயர்கள் எழுதலாம் என்றேன். ஒருவர் "பருந்து" என்று எழுதினார். ஒரு பாட்டி மெல்ல எழுத்துக் கூட்டி "பாறு" என்று எழுதினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எங்க காலத்துல ஒரு மாடு செத்தா போதும். பாறு கூட்டம் கூட்டமா வந்து இறங்கும். மரக்கிளையே வளைஞ்சு போகும். இப்ப ஒண்ணைக்கூடக் காணோமே, ஏன் கண்ணு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பாறு எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. நான் பிறந்தபோதே அவை எங்கள் பக்கம் இல்லை. "படித்துத் தெரிந்து கொண்டு வந்து சொல்கிறேன், பாட்டி" என்றேன். படித்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பாறு என்றால் என்ன? பிணந்தின்னிக் கழுகு என்று சொல்கிறோமே, அதுதான். மற்றக் கழுகுகள் கோழிக்குஞ்சைத் தூக்கும், எலியைப் பிடிக்கும். பாறு அப்படி வேட்டையாடுவது இல்லை. செத்துக் கிடப்பதைத்தான் தேடித் தின்னும். அதன் தலையிலும் கழுத்திலும் இறகு மிகக் குறைவு. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அதற்குக் காரணம் உண்டு. பிணத்துக்குள் தலையை விட்டுத் தின்னும்போது இறகு இருந்தால் இரத்தமும் அழுக்கும் ஒட்டிக் கொள்ளும். இறகு இல்லாததால் வெயிலில் சீக்கிரம் காய்ந்து சுத்தமாகி விடும்.

பாறு வானத்தில் மிக உயரத்தில் வட்டமிடும். அதன் கண் மிகவும் கூர்மையானது. ஒரு பாறு கீழே இறங்கினால் தூரத்தில் பறக்கும் இன்னொன்று அதைப் பார்த்துவிடும். அதுவும் வரும். அதைப் பார்த்து இன்னும் பல வரும். ஒரு பெரிய கூட்டம் சேர்ந்தால் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் தின்று முடித்துவிடும். எலும்பு மட்டும் வெள்ளையாகக் கிடக்கும். எலும்பு பொறுக்குபவர்கள் அதைச் சேர்த்து விற்பார்கள். தோல் உரிப்பவருக்கும், எலும்பு பொறுக்குபவருக்கும் பிழைப்பு. ஊருக்கு நாற்றம் இல்லை. இதற்காக யாரும் ஒரு காசு செலவு செய்யவில்லை.

இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. பாறுவின் வயிற்றில் சுரக்கும் அமிலம் மிகவும் கடுமையானது. அடைப்பான் நோயில் செத்த மாட்டைத் தின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நோய்க் கிருமி அதன் வயிற்றிலேயே அழிந்து போகும். நாய்க்கும் நரிக்கும் இந்தச் சக்தி கிடையாது.

இந்தியாவில் ஒரு காலத்தில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. டில்லி, பம்பாய் போன்ற நகரங்களில்கூட மரத்துக்கு மரம் உட்கார்ந்திருக்கும். அப்போது யாரும் அவற்றை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. அருவருப்பான பறவை என்றுதான் நினைத்தார்கள்.

ராஜஸ்தானில் பரத்பூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கேவலாதேவ் என்ற பறவைகள் சரணாலயம் உண்டு. 1987-88இல் அங்கே 350க்கும் மேற்பட்ட பாறுக் கூடுகள் இருந்தன. 1990களின் நடுவில் அதில் பாதிகூட இல்லை. மரத்தில் உட்கார்ந்த பாறு கழுத்தைத் தொங்கப் போட்டுக் கொள்ளும். அப்படியே சில நாள் இருக்கும். பிறகு தொப்பென்று கீழே விழுந்து செத்துப் போகும். சில ஆண்டுகளில் அங்கே ஒரு கூடும் இல்லாமல் போயிற்று.

பரத்பூரில் மட்டும் இல்லை. நாடு முழுவதும் இதே கதை. வெண்முதுகுப் பாறு என்று ஓர் இனம். 1992இல் அவை ஆயிரம் இருந்தன என்று வைத்துக் கொள்ளுங்கள். 2007இல் அதில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. மற்ற இரண்டு இனங்களில் நூற்றுக்கு மூன்றுதான் மிஞ்சின. உலகத்தில் எந்தப் பறவையும் இவ்வளவு வேகமாகக் குறைந்தது அபூர்வம்.

முதலில் எல்லோரும் ஏதோ தொற்று நோய் என்று நினைத்தார்கள். சிலர் பூச்சி மருந்தாக இருக்கும் என்றார்கள். பல ஆண்டுகள் காரணம் தெரியவில்லை. பாகிஸ்தானிலும் பாறுகள் இதே போலச் செத்துக் கொண்டிருந்தன. லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் அங்கே செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தார்கள். குடல், ஈரல் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டுப் போயிருந்தது. உடம்பில் உள்ள கழிவு வெளியே போக முடியாமல் உள்ளேயே தங்கி, இப்படி வெள்ளையாகப் படிந்துவிட்டது. சிறுநீரகம் ஏன் கெட்டது? 2004இல் அவர்கள் விடையை வெளியிட்டார்கள்.

டைக்ளோஃபினாக். இதுதான் காரணம்.

இந்தப் பெயரை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் டாக்டர் எழுதித் தரும் மருந்துதான். மனிதருக்கு டாக்டர் சொல்கிற அளவில் கொடுக்கலாம். 1990களில் இது மலிவாகக் கிடைத்தது. மாட்டுக்கும் போட ஆரம்பித்தார்கள். மாட்டுக்குக் காலில் வீக்கம், காய்ச்சல், மடிநோய் என்று எது வந்தாலும் ஒரு ஊசி. மாடு எழுந்து நிற்கும், தீவனம் எடுக்கும். இதில் மாடு வளர்ப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாடு படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. கையில் கிடைத்த மருந்தைத்தான் போடுவார்கள். அது பாறுவைக் கொல்லும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஊசி போட்டு மாடு பிழைத்துக் கொண்டால் பாறுவுக்கு ஆபத்து இல்லை. சில நாளில் மருந்து மாட்டின் உடம்பிலிருந்து போய்விடும். ஆனால் ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்துவிட்டால்? மருந்து இறைச்சியிலேயே தங்கியிருக்கும். அதைத் தின்னும் பாறு சில நாளில் சாகும். நூறு மாட்டில் ஒரு மாட்டுக்கும் குறைவாக இந்த மருந்து இருந்தாலே பாறு இனம் அழியப் போதுமானது என்று கணக்கிட்டுச் சொல்கிறார்கள். ஏனென்றால் ஒரு மாட்டைச் சுற்றிப் பத்துப் பாறு, இருபது பாறு என்று சேர்ந்து தின்கின்றன. ஒரு மாடு போதும், அத்தனையும் போய்விடும்.

சரி, பாறு போனால் போகட்டும், நமக்கு என்ன என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

பாறு இல்லாத ஊரில் செத்த மாட்டை யார் தின்பது? நாய்கள் தின்றன. தீனி நிறையக் கிடைத்ததால் தெருநாய்கள் பெருகின. நாய் பெருகினால் நாய்க்கடியும் பெருகும். வெறிநாய் கடித்தவருக்கு நோய் முற்றிவிட்டால் உலகத்தில் எந்த மருந்தும் காப்பாற்றாது. 2008இல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஒரு கணக்குப் போட்டார்கள். 1992 முதல் 2006 வரை, பாறுகள் குறைந்து நாய்கள் பெருகியதால் மட்டும் நம் நாட்டில் கூடுதலாகச் சுமார் 48,000 பேர் வெறிநோயால் இறந்திருப்பார்கள் என்றார்கள்.

நாய் மட்டுமா? செத்த மாடுகள் வயலோரத்தில் அழுகின. சிலர் ஆற்றிலும் ஓடையிலும் தள்ளினார்கள். அந்தத் தண்ணீரைத்தான் மக்கள் குடித்தார்கள். 2024இல் வேறு இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு கணக்கை வெளியிட்டார்கள். முன்பு பாறுகள் நிறைய இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2000 முதல் 2005 வரை, பாறுகள் மறைந்ததால் கூடுதலாக ஐந்து லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று அவர்கள் கணக்கு சொல்கிறது. இதைப் படித்தபோது நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். ஐந்து லட்சம்தான்.

பம்பாயில் பார்சி மக்கள் இருக்கிறார்கள். இறந்தவர் உடலை அவர்கள் எரிப்பதும் இல்லை, புதைப்பதும் இல்லை. உயரமான வட்டக் கட்டடத்தில் வைத்துப் பாறுகளுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். பாறுகள் போன பிறகு அவர்கள் பட்ட துன்பம் கொஞ்சம் அல்ல. வெயிலைக் குவிக்கும் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் அதுவும் உதவவில்லை. தமிழ்நாட்டில் திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலில் தினமும் உச்சிவேளையில் இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து சோறு தின்னுமே, அவையும் பாறு இனம்தான். 1990களுக்குப் பிறகு அவை வருவதில்லை.

2006இல் இந்திய அரசு மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பதைத் தடை செய்தது. ஆனால் மனிதருக்கு உரிய மருந்தைப் பெரிய பாட்டிலில் வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். மாட்டுக்கு ஊசி போட அந்தப் பெரிய பாட்டில் வசதியாக இருந்தது. ஆகவே 2015இல், மனிதருக்கான ஊசி மருந்து 3 மில்லிக்கு மேல் உள்ள பாட்டிலில் வரக்கூடாது என்று அரசு உத்தரவிட்டது. வேறு சில வலி மருந்துகளும் பாறுவைக் கொல்லும் என்று பிறகு தெரிய வந்தது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் 2023இல் மாடுகளுக்குத் தடை செய்யப்பட்டன. 2024 கடைசியில் நிமெசுலைடும் தடையானது.

அப்படியானால் மாட்டுக்கு வலி வந்தால் என்ன செய்வது? மெலாக்சிகம் என்ற மருந்து இருக்கிறது. வீக்கத்துக்கும் வலிக்கும் நன்றாகக் கேட்கும். பாறுவுக்குக் கெடுதல் செய்யாது. முதலில் விலை கூடுதலாக இருந்தது. பிறகு பல கம்பெனிகள் தயாரித்தன, விலை இறங்கியது. கால்நடை டாக்டரிடம் "பாறுவுக்குக் கெடுதல் இல்லாத மருந்து போடுங்கள்" என்று நீங்களே கேட்கலாம். மருந்துக்கடைக்காரர் எதையாவது எடுத்துக் கொடுத்தால் பெயரைக் கேளுங்கள். பாட்டில் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் படித்த பிள்ளையிடம் காட்டுங்கள்.

ஊசி போட்ட சில நாளில் மாடு செத்துவிட்டால், என்ன மருந்து போட்டார்கள் என்று தெரியாவிட்டால், வெளியே போடாதீர்கள். ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் வாயிலும் கறுப்பாக இரத்தம் வந்தால் அடைப்பானாக இருக்கலாம். அந்த மாட்டை அறுக்கவும் கூடாது, தோல் உரிக்கவும் கூடாது. மனிதருக்கும் அந்த நோய் வரும். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும்.

காட்டோர ஊர்களில் இன்னொரு பழக்கம் உண்டு. சிறுத்தையோ புலியோ மாட்டை அடித்துவிட்டால் ஆத்திரத்தில் அந்த மாட்டின் மேல் விஷம் வைத்துவிடுவார்கள். மாட்டை இழந்தவரின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த விஷத்தைத் தின்று பாறுகளும் கூட்டமாகச் சாகின்றன. விஷம் வைத்தால் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொன்னால் நஷ்டஈடு கேட்க வழி இருக்கிறது. தாமதிக்காமல் அன்றே சொல்லிவிட வேண்டும்.

நாய்க்கடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் அதிகமாகக் கேட்டது இதுதான். நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்கக்கூடாது. மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது. அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயந்து சிலர் போவதில்லை. அந்தக் காலம் போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். நான்கு அல்லது ஐந்து தடவை, டாக்டர் சொல்கிற தேதியில் தவறாமல் போக வேண்டும். இரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள். குட்டிநாய்தானே, வீட்டு நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

பாறுகள் திரும்பி வருமா? ஹரியானாவில் பிஞ்சோர் என்ற இடத்தில் பாறு வளர்க்கும் நிலையம் இருக்கிறது. ராமாயணத்தில் வரும் ஜடாயுவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். 2020இல் அங்கே வளர்ந்த வெண்முதுகுப் பாறுகள் எட்டைத் திறந்து விட்டார்கள். தமிழ்நாட்டில் நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கொஞ்சம் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. ஆனால் அவசரப்பட முடியாது. பாறு ஓர் ஆண்டில் ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து முட்டையிட ஐந்து ஆண்டு ஆகும். பத்தே ஆண்டில் போனது, பத்து ஆண்டில் வராது.

இதையெல்லாம் அடுத்த வகுப்பில் படித்துக் காட்டினேன். பாட்டி எழுந்து பலகையிடம் வந்தார். "அந்த நல்ல மருந்து பேரு என்ன சொன்ன கண்ணு? பெரிசா எழுது" என்றார். எழுதினேன். சிலேட்டில் மூன்று முறை பார்த்து எழுதினார். "மெலாச்சிகம்" என்று முதலில் பிழையாக வந்தது. திருத்திய பிறகு ஒரு தாளில் எழுதி, மடித்து, சுருக்குப்பையில் வைத்துக் கொண்டார். அவர் வீட்டில் இரண்டு கறவை மாடு இருக்கிறது.